சீட்டு உங்களுக்கா... உங்க காலுக்கா?

ராத்திரி மணி ஒண்ணரை. குஜிலியம்பாறை பக்கத்துல ஒரு ஊர்த் திருவிழா. மின்னொளி கபடி! லைட்டைச் சுத்திப் பூச்சி, கோட்டைச் சுத்தி சனம். மைக் பிடிச்ச அண்ணன் தொண்டை கிழியக் கத்திட்டு இருக்கார். நீங்க பாடிப் போறீங்க. மூலையில நின்னவரைத் தட்டி, காலைப் பிடிச்ச ரெண்டு பேரையும் சேர்த்து இழுத்துட்டு வந்து நடுக்கோட்டைத் தொடுறீங்க. விசில் பறக்குது.

மேட்ச் முடிஞ்சு தலையில தண்ணி ஊத்திட்டு நிக்கறப்போ, டிராக் சூட் போட்ட ஒருத்தர் வந்து தோள்ல கை போடுறார். "தம்பி, பன்னெண்டாவதா? எங்க காலேஜுக்கு வந்துடு. ஃபீஸ் கிடையாது. ஹாஸ்டல், சாப்பாடு, ஷூ எல்லாம் நாங்க பாத்துக்கறோம். திங்கக்கிழமை சர்டிஃபிகேட்டோட வந்து சேர்!"

கால் தரையில நிக்குமா பாஸ்?

கொஞ்சம் நிக்கட்டும். அந்தக் காலைப் பத்தித்தான் பேசப் போறோம்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இப்படிக் காலேஜுக்கு ஆள் பிடிக்கறதே தப்புன்னு சொல்ற கட்சி நான் இல்லே. மானாவாரிக் காட்டையும், வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில் ஷிஃப்ட்டையும், கரிக்காலி சிமெண்ட் லாரியையும் பார்த்து வளர்ந்த பசங்க பாளையம் ஸ்டேஷன்ல ரயிலேறி, ஒரு டிகிரியோட திரும்பி வந்த வீடுகள் இந்தப் பக்கம் நிறைய. அதுல சில டிகிரிக்கு மார்க் ஷீட் அழைப்பு அனுப்பலை, கபடிதான் அனுப்புச்சு. வாலிபால் ஆடுற தங்கச்சிகளுக்கும் இதே கதைதான். அந்த டிராக் சூட்காரர் பெரும்பாலும் நல்ல மனுஷர்தான்.

என் கேள்வி வேற. அவர் வாங்கறது என்ன, நீங்க விக்கறது என்னங்கறது ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி தெரிஞ்சிருக்கா?

அவங்களுக்கு என்ன லாபம்?

காலேஜ் தர்மத்துக்கு சோறு போடாது. நாக் கமிட்டி காலேஜுக்கு கிரேடு போட வரும்போது, மாணவர்கள் பல்கலைக்கழக, மாநில, தேசிய அளவில் வாங்கின விளையாட்டு விருது எத்தனைன்னு ஒரு கேள்வி இருக்கு. உங்க மெடல் அங்கே மார்க். பல்கலைக்கழகங்களுக்கு இன்னும் பெரிய ஆசை ஒண்ணு உண்டு. விளையாட்டில் நாட்டிலேயே முதலிடம் பிடிக்கும் பல்கலைக்கழகத்துக்கு 1950-கள்ல இருந்து கொடுக்கற மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை. அமிர்தசரஸ் குரு நானக் தேவ் பல்கலைக்கழகம் மட்டும் அதை 20 தடவைக்கு மேல தூக்கியிருக்கு. அப்புறம் பேனர், பேப்பர்ல போட்டோ, அடுத்த வருஷ அட்மிஷன்... சொல்லவே வேணாம்.

இதெல்லாம் தப்பில்லை. ஆனா ஒரு விஷயம் புரியணும். உங்களால அவங்களுக்கு லாபம் இருக்கு. அதனால நீங்க கையைக் கட்டிட்டு நிக்க வேண்டிய அவசியம் இல்லே. உக்காந்து பேரம் பேசலாம்.

பேரம் பேசறதுக்கு நம்ம பசங்களுக்குக் கூச்சம். "ஃப்ரீயா குடுக்கறாங்க, அதுல கேள்வி வேறயா?"ம்பாங்க வீட்டுல. சரி, இந்தக் கூச்சம் நமக்கு மட்டும்தானான்னு பார்க்கலாம். இந்த விஷயத்துல உலகத்துலயே அதிகமா அடிச்சுக்கிட்ட கூட்டம் ரக்பிக் கூட்டம். ரக்பின்னா ஏதோ வெள்ளைக்காரன் சமாச்சாரம்னு ஒதுங்காதீங்க. ஒலிம்பிக்ஸ்ல 2016-ல நுழைஞ்ச ரக்பி செவன்ஸ்ல நம்ம கபடி மாதிரியே பக்கத்துக்கு ஏழு பேர். பாய்ஞ்சு ஓடற காலும், ஆளை மடக்கற தோளும் இருந்தா போதும். 2020-ல புவனேஸ்வர்ல நடந்த முதல் கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டியிலேயே ரக்பி இருந்துச்சு. 2025-ல நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கில் கப் அடிச்சது நம்ம சென்னை புல்ஸ்!

அபாகஸ் படிக்கப் போன முரட்டுப் பசங்க

டோங்கான்னு பசிபிக் கடல்ல ஒரு குட்டி நாடு. அதோட ராஜா நாலாம் டௌஃபா ஆஹாவ் டுபோவுக்கு ஜப்பான்காரங்களோட மணிச்சட்டம் மேல ஒரு கிறுக்கு. அதாங்க, நம்ம ஊர்ல சின்னப் பசங்களுக்கு ஃபீஸ் கட்டிச் சொல்லித் தர்றோமே, அபாகஸ். நம்ம நாட்டுப் பசங்களும் இதைக் கத்துக்கணும்னு 1980-ல ரெண்டு பேரை ஜப்பானோட டைட்டோ புன்கா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். நோஃபோமுலி டௌமோஃபோலாவ், ஹோபோய் டாயோனே. ரெண்டு பேரும் ரக்பி ஆட்டக்காரங்க. மணியை நகர்த்தினாங்களோ இல்லையோ, எதிர் டீமை நல்லா நகர்த்தினாங்க. கடைசியில ஜப்பான் தேசிய அணிக்கே ஆடினாங்க. அதுக்கப்புறம் பசிபிக் தீவுகள்ல இருந்து ஜப்பான் காலேஜுக்கு ஆள் எடுக்கறது ஒரு வழக்கமாவே ஆயிடுச்சு.

அந்த வழியில கிடைச்ச முத்து மைக்கேல் லீச். நியூஸிலாந்துல பிறந்தவர். 15 வயசுல தனியா ஜப்பான் வந்து சப்போரோவில ஒரு உயர்நிலைப் பள்ளியில சேர்ந்தார். அப்புறம் டோக்காய் பல்கலைக்கழகம். மொழி கத்துக்கிட்டார், 2013-ல குடியுரிமை வாங்கினார். 2015 உலகக் கோப்பையில தென்னாப்பிரிக்காவை 34-32னு ஜப்பான் கவுத்துச்சே, அந்த டீமுக்கு அவர்தான் கேப்டன்.

இதைக் கேட்டா 'அடடா, ஆள் எடுக்கறது எவ்வளவு நல்ல விஷயம்!'னு தோணும். தோணணும். நம்ம நாட்டுலயே ஒடிசாவின் கிஸ் நிறுவனத்துல தங்கிப் படிச்ச பழங்குடிப் பசங்க 2007-ல லண்டன் போய் 14 வயசுக்கு உட்பட்டவங்களுக்கான பள்ளி ரக்பிக் கோப்பையைத் தூக்கிட்டு வந்தாங்க. அதே கிஸ்ல படிச்ச சுமித்ரா நாயக் 2019-ல சிங்கப்பூருக்கு எதிரா கடைசி நேரத்துல அடிச்ச ஒரு உதை, இந்தியப் பெண்கள் ரக்பி அணிக்கு முதல் 15 பேர் டெஸ்ட் வெற்றியை வாங்கித் தந்துச்சு.

ஆனா லீச்சை எல்லாரும் பார்க்கறோம். லீச் ஆகாதவங்களை யார் பார்க்கறாங்க? 15 வயசுல கப்பலோ பிளேனோ ஏறி, ரெண்டாவது வருஷம் முட்டி போன பையனோட பேர் எந்த உலகக் கோப்பையிலும் வராதே.

பத்து ஸ்கூல் சேர்ந்து 'டூ' விட்ட கதை

லீச் பிறந்த நியூஸிலாந்துல ரக்பி ஸ்கூல் லெவல்லயே திருவிழா. பெரிய ஸ்கூல் மேட்ச் டி.வி.யில வரும். 2018 டிசம்பர்ல ஆக்லாந்து நகரத்துல ஒரு பூகம்பம். செயின்ட் கென்டிகர்ன் என்ற தனியார் பள்ளி, மத்த பள்ளிகளோட முதல் பதினைந்து பேர் அணியில் ஏற்கெனவே ஆடிட்டு இருந்த பசங்களைச் சேர்த்துக்கிட்டே போகுதுன்னு சொல்லி, அதே லீக்கில் ஆடற பத்துப் பள்ளிகளும் ஒண்ணா நின்னு, 'அடுத்த வருஷம் உங்களோட ஆட மாட்டோம்'னுட்டாங்க. நாடே ரெண்டு பட்டுச்சு. பேச்சுவார்த்தை நடந்த பிறகுதான் அந்தப் புறக்கணிப்பு முடிவுக்கு வந்துச்சு.

அவங்க வாதம் நியாயமானது. ஒரு பையனை ஏழு வருஷம் வளர்த்தது ஒருத்தர், கோப்பை தூக்கறது இன்னொருத்தரா? இதை அப்படியே நம்ம ஊருக்குக் கொண்டு வாங்க. உங்களை ஆறாவதுல இருந்து வெயில்ல ஓட விட்டு, தன் காசுல வாழைப்பழமும் அவிச்ச முட்டையும் வாங்கிக் கொடுத்து, மாவட்டப் போட்டிக்கு டவுன் பஸ்ல கூட்டிட்டுப் போன கவர்மெண்ட் ஸ்கூல் பி.டி. சாருக்கு, நீங்க சென்னைக் காலேஜுக்குப் போற அன்னிக்கு என்ன கிடைக்கும்? ஒரு சால்வை கிடைச்சா அதிர்ஷ்டம். கால்பந்துல ஃபிஃபா ஒரு விதி வெச்சிருக்கு. ஒப்பந்தம் முடியறதுக்குள்ள ஒரு வீரர் பெரும் தொகைக்குக் கிளப் மாறினா, அந்தத் தொகையில 5 சதவீதம் அவரை 12 வயசுல இருந்து 23 வயசு வரைக்கும் வளர்த்த கிளப்புகளுக்குப் பிரிச்சுப் போகணும். நம்ம காலேஜ் உலகத்துல அப்படி ஒரு பழக்கம் இல்லே. பணமா வேணாம்... ஒரு கபடி மேட், ரெண்டு வாலிபால் நெட் அந்த ஸ்கூலுக்கு அனுப்பினா காலேஜ் குறைஞ்சா போயிடும்?

இன்னொரு வாதமும் உண்டு. மார்க் வாங்கி, ஃபீஸ் கட்டிச் சேர்ந்து, ஆசையா டிரையலுக்கு வர்ற சாதா ஸ்டூடண்ட், டீம் ஏற்கெனவே வெளியில இருந்து நிரம்பிட்டதைப் பார்த்துட்டு பெஞ்ச்சுக்குப் போறது. வருத்தம்தான். ஆனா உண்மையைச் சொன்னா, எனக்கு அவர் மேல இருக்கற கவலையை விட, டீமுக்குள்ள இருக்கற அந்த ஃப்ரீ சீட்டுப் பையன் மேலதான் கவலை அதிகம். ஏன்னா பெஞ்ச்ல இருக்கறவருக்கு கிளாஸ் ரூம் இருக்கு. இவருக்கு?

கட்டுப் போட்ட முட்டி

ஒரு பையனோட கதை. பேர் வேணாம், காலேஜ் பேரும் வேணாம். நல்ல ரைடர். காமர்ஸ் கேட்டார். "அது மேனேஜ்மெண்ட் சீட்டு தம்பி, ஸ்போர்ட்ஸ்காரங்களுக்கு இந்த டிபார்ட்மெண்ட்தான்"னு வேறொண்ணுல போட்டாங்க. காலையில ரெண்டு மணி நேரம், சாயங்காலம் மூணு மணி நேரம் பிராக்டீஸ். சீசன் வந்தா மாசக்கணக்குல டூர். அட்டெண்டன்ஸை ஆபீஸ் பாத்துக்கிச்சு. பாடத்தை யாரும் பாத்துக்கலை. ஏழு பேப்பர் அரியர்.

ரெண்டாவது வருஷம் பிராக்டீஸ்ல கால் ஊன்றி நிக்க, உடம்பு மட்டும் திரும்புச்சு. முட்டிக்குள்ள 'டக்'. உள்ளே இருக்கற லிகமெண்ட் கிழிஞ்சிருந்தது. ஆபரேஷன் பண்ணினாலும் களத்துக்குத் திரும்ப ஒன்பது மாசம், ஒரு வருஷம் ஆகற காயம் அது. முதல் ஒரு மாசம் எல்லாரும் ஆரஞ்சுப்பழத்தோட வந்தாங்க. அடுத்த செமஸ்டர் ஹாஸ்டல் நோட்டீஸ் வந்துச்சு: மெஸ் பில் கட்டவும்! "நான் ஸ்போர்ட்ஸ் சீட்டு சார்." "ஆடினாத்தானேப்பா ஸ்போர்ட்ஸ் சீட்டு?" சரி, ஊருக்கே போறேன்னு டி.சி. கேட்டா, "மூணு வருஷ ஃபீஸையும் கட்டிட்டு வாங்கிக்கோ"ன்னாங்க. இப்போ அவர் லோடு ஆட்டோ ஓட்டறார். திருவிழாவுக்குத் திருவிழா அம்பயரா விசிலோட நிப்பார், ஒரு காலை லேசா இழுத்துக்கிட்டு.

இதுல எங்கே அநியாயம்? காலேஜ் வந்து கூப்பிட்டது அநியாயம் இல்லே. எல்லா ரிஸ்க்கும் 18 வயசுப் பையன் தலையில, எல்லா வாக்குறுதியும் காத்துல... அதுதான் அநியாயம்.

இது நம்ம ஊர் வியாதி மட்டும்னு நினைக்காதீங்க. காலேஜ் விளையாட்டுல கோடி கோடியாக் கொட்டற அமெரிக்காவில் 1973-ல இருந்து ஸ்காலர்ஷிப் வருஷா வருஷம் புதுப்பிக்கற சமாச்சாரம். அடுத்த வருஷம் ஆட்டம் சரியில்லைன்னா கட். அடி பட்டு ஆட முடியாமப் போனவங்க கதியும் கோச் கையில. 'ஆட்டத்தைக் காரணம் காட்டி ஸ்காலர்ஷிப்பை நிறுத்தக் கூடாது'ன்னு அங்கேயுள்ள அஞ்சு பெரிய கான்ஃபரன்ஸ் காலேஜுகள் ஓட்டுப் போட்டது 2015 ஜனவரியிலதான். இந்தக் காலேஜுக்குத்தான் வருவேன்னு ஸ்கூல் பசங்களைக் கையெழுத்து போட வெச்ச கடிதத்தை 2024-லதான் தூக்கினாங்க. 2025-ல ஒரு கோர்ட் சமரசத்துக்கு அப்புறம் வீரர்களுக்குக் காலேஜே நேரடியாப் பணம் கொடுக்கலாம்னு ஆச்சு. அவ்வளவு பணக்கார நாட்டுலயே, கேட்டுக் கேட்டுத்தான் கிடைச்சிருக்கு.

சரி, என்ன கேக்கலாம்?

டிராக் சூட்காரர்கிட்டே கோவிச்சுக்க வேணாம். சிரிச்ச முகத்தோட, "சார், நீங்க சொன்னதை அப்படியே காலேஜ் லெட்டர் ஹெட்ல எழுதித் தர முடியுமா?"ன்னு கேளுங்க. என்ன கோர்ஸ், எத்தனை வருஷம், எதெல்லாம் ஃப்ரீ, எதுக்குக் காசு. இதுல முக்கியமான வரி ஒண்ணு: 'விளையாடும்போது காயம் பட்டு ஆட முடியாமல் போனாலும் படிப்பு முடியும் வரை சலுகை தொடரும்.' அந்த ஒரு வரிக்கு சார் முகம் எப்படி மாறுதுன்னு பாருங்க. பாதி பதில் அங்கேயே தெரிஞ்சுடும். ஆபரேஷன் செலவு யாரோடதுன்னும் கையோட கேட்டுடுங்க.

அடுத்து, சர்டிஃபிகேட். யு.ஜி.சி. 2018 அக்டோபரில் போட்ட அறிவிப்பு தெளிவா இருக்கு. அட்மிஷன் அன்னிக்கு ஒரிஜினலைச் சரி பார்த்துட்டு உடனே திருப்பித் தரணும். நீங்க கையெழுத்து போட்ட நகலைத்தான் காலேஜ் வெச்சுக்கலாம். மார்க் ஷீட், பள்ளி மாற்றுச் சான்றிதழ் எதையும் பிணையா வெச்சுக்கக் கூடாது. மொத்தப் படிப்புக்கும் ஃபீஸை முன்கூட்டியே வசூல் பண்ணவும் கூடாது. அட்மிஷன் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதுக்கும் முன்னாடியோ 'வரலை'ன்னு சொல்லிட்டா, கட்டின ஃபீஸ் கிட்டத்தட்ட முழுசும் திரும்ப வரணும். தேதி நெருங்க நெருங்க அது 90, 80, 50 சதவீதம்னு குறையும். கடைசித் தேதி தாண்டி ஒரு மாசத்துக்கு மேல ஆயிட்டா பூஜ்யம். கொடுக்க மாட்டேன்னா? 2023-ல வந்த யு.ஜி.சி. விதிப்படி ஒவ்வொரு காலேஜிலும் மாணவர் குறைதீர் குழு இருக்கணும். அதுக்கு மேல பல்கலைக்கழக அளவில ஒம்பட்ஸ்பர்சன். சர்டிஃபிகேட்டைப் பிடிச்சு வெச்சுக்கறது அந்த விதியிலேயே 'குறை'ன்னு எழுதியிருக்கு. எழுதிக் கொடுத்தா பதில் சொல்லியாகணும்.

மூணாவது விஷயம் பல சீனியர்களுக்கே தெரியாது. வேலைக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல போறப்போ செல்லுபடியாகறது எல்லா சர்டிஃபிகேட்டும் இல்லே. சர்வதேசப் போட்டிக்குப் படிவம் 1, தேசியப் போட்டிக்கு 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு 3, பள்ளிகளுக்கான தேசியப் போட்டிக்கு 4. காலேஜ் பேர் போட்ட ஜெர்ஸியில ஊர் ஊராப் போய் நூறு மேட்ச் ஜெயிச்சுக் கொடுத்தாலும் படிவம் 3 வராது. பல்கலைக்கழக அணிக்கு ஆடி, பல்கலைக்கழக விளையாட்டுத் துறை அதிகாரி கையெழுத்து போட்டாத்தான் வரும். அதனால 'எங்க டீம் சூப்பர் டீம்'னு அவர் சொன்னா மயங்காம, "போன வருஷம் உங்க காலேஜ்ல இருந்து எத்தனை பேர் பல்கலைக்கழக அணிக்குப் போனாங்க சார்? எத்தனை பேர் டிகிரி முடிச்சாங்க?"ன்னு கேளுங்க. ரெண்டாவது கேள்விக்கு யாரும் பதில் தயாரா வெச்சிருக்க மாட்டாங்க. பரவாயில்லை. ஹாஸ்டல் பக்கம் ஒரு நடை நடந்து, ஃபைனல் இயர் ஸ்போர்ட்ஸ் பசங்ககிட்டே நேராக் கேட்டா, அரியர் கணக்கோட சொல்லுவாங்க.

அவர் மட்டும்தான் கதவுன்னும் நினைச்சுடாதீங்க. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் வழியா நடக்கற இன்ஜினீயரிங் கவுன்சலிங்ல விளையாட்டுக்காரங்களுக்குன்னே 500 சீட்டு வெச்சிருக்காங்க. அதுல எந்தக் கோர்ஸ்னு உங்க ரேங்க்தான் முடிவு பண்ணும், டிராக் சூட் இல்லே. அரசு கலைக் கல்லூரியிலயும் கோட்டா உண்டு. தமிழக அரசு வேலையில விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு இருக்கு. 2025 அக்டோபர்ல பஹ்ரைன் ஆசிய இளையோர் போட்டியில கபடித் தங்கம் வாங்கின கண்ணகி நகர் கார்த்திகா யார் பிடிச்ச ஆளும் இல்லே. சொந்தத் தெருவுல, சொந்தக் கோச்கிட்டே கத்துக்கிட்டுத்தான் அங்கே போனார்.

இவ்வளவும் கேட்டு, அவரும் சளைக்காம எழுதிக் கொடுத்துட்டாரா? சபாஷ், நல்ல காலேஜ்தான், கிளம்புங்க! திங்கக்கிழமை பஸ் ஏறுறதுக்கு முன்னாடி பத்தாவது, பன்னெண்டாவது மார்க் ஷீட், டி.சி., மாநிலப் போட்டி சர்டிஃபிகேட் எல்லாத்தையும் ரெண்டு செட் ஜெராக்ஸ் போட்டுக்கங்க. ஒரிஜினலைக் காட்டிட்டு, கையோட வாங்கி மஞ்சப் பைக்குள்ள வெச்சுக்கங்க. முடிஞ்சா அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க. முட்டி போனா யார் பாக்கறதுங்கற கேள்வியை, நீங்க கேக்கறதை விட அவங்க நல்லாக் கேப்பாங்க.